வரைந்ததை நடிக்க வைக்கலாமா? – அனிமே சிறப்புக் கேள்வி பதில்

போன இதழில், "அனிமே பற்றிக் கேளுங்கள், குறிப்பாக அது சினிமாவையும் தொடர்களையும் எப்படி மாற்றியிருக்கிறது என்று கேளுங்கள்" என்று நாலு வரி போட்டிருந்தோம். அனிமே என்றால் ஜப்பானியக் கார்ட்டூன் படங்களும் தொடர்களும். கடலூர், புதுச்சேரி வட்டாரத்திலிருந்து வந்த கடிதங்களே தனிக் கட்டாக நிற்கின்றன. பள்ளிக்கூடப் பிள்ளைகளும் எழுதியிருக்கிறார்கள், அவர்களைப் பெற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். பெயர் வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் போடுகிறோம்.

பிளஸ் டூ மாணவர், பண்ருட்டி: 'தி மேட்ரிக்ஸ்' ஒரு ஜப்பான் கார்ட்டூனின் காப்பி என்று என் நண்பன் அடித்துச் சொல்கிறான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. யார் சொல்வது சரி?

பாதி உங்கள் நண்பன் சொல்வதுதான் சரி தம்பி. 'காப்பி' என்ற வார்த்தையை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

மாமோரு ஓஷி இயக்கிய 'கோஸ்ட் இன் தி ஷெல்' வந்தது 1995-இல். 'தி மேட்ரிக்ஸ்' 1999-இல். அதை எடுத்த வச்சோவ்ஸ்கி உடன்பிறப்புகள், தயாரிப்பாளர் ஜோயல் சில்வரிடம் அந்த ஜப்பானியப் படத்தைப் போட்டுக் காட்டி, இதை நிஜ மனிதர்களை வைத்து எடுக்க ஆசைப்படுகிறோம் என்றார்கள். சில்வரே இதைப் பேட்டியில் சொல்லியிருக்கிறார், ஒளிவு மறைவு ஒன்றும் இல்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். கருப்புத் திரையில் ஓடும் பச்சை எழுத்துகள், பிடரியில் சொருகுகிற கேபிள், குண்டு பட்டுத் தூண்கள் பெயர்ந்து தூளாகச் சிதறுவது எல்லாம் கண்ணில் படும். ஆனால் சண்டை ஹாங்காங்கிலிருந்து வந்தது. அங்கத்திய சண்டை இயக்குநர் யுவென் வோ-பிங் வந்து நடிகர்களை மாதக்கணக்கில் பழக்கினார்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது வேறு. கீயானு ரீவ்ஸ் பின்னால் சாய, குண்டுகள் காற்றில் மெதுவாக நீந்த, கேமரா மட்டும் அவரைச் சுற்றி வருமே, அந்தக் காட்சி. ஆள் நிற்கிறான், பார்வை நகர்கிறது. இது அனிமே பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பழக்கமான விஷயம். 1963-இல் ஒசாமு தெசூகா 'ஆஸ்ட்ரோ பாய்' தொடரை வாரம் ஒரு பகுதி என்று டிவிக்குச் செய்தபோது கையில் காசும் இல்லை, நாளும் இல்லை. படங்களின் எண்ணிக்கையைக் குறைத்தார்கள். ஒரே ஓவியத்தை அப்படியே நிறுத்திவைத்துக் கேமராவை அதன் மேல் நகர்த்தினார்கள், பின்னணியில் வேகக் கோடுகளை ஓடவிட்டார்கள். பற்றாக்குறையில் பிறந்த அந்தப் பழக்கமே நாளடைவில் ஒரு அழகாகிவிட்டது, ஒரு நொடியை இழுத்து அதற்குள் இருக்கிற பயம், கோபம், முடிவு எல்லாவற்றையும் காட்டுகிற அழகு. மேட்ரிக்ஸ் குழு வரிசையாகக் கேமராக்களை வளைத்து நிறுத்தி அதே உணர்வை நிஜ ஆளை வைத்துக் கொண்டுவந்தது. இது என் கணிப்புதான், ஆனால் அழுத்தமாகவே நம்புகிறேன்: அவர்கள் எடுத்துக்கொண்டது கதையை விட, நேரத்தைக் கையாளுகிற விதத்தை.

பட்ட கடனையும் அடைத்தார்கள். 2003-இல் வந்த 'தி அனிமேட்ரிக்ஸ்' தொகுப்பின் ஒன்பது குறும்படங்களில் சிலவற்றை ஷினிசிரோ வாட்டனாபே, யோஷியாகி கவாஜிரி மாதிரி ஜப்பானிய இயக்குநர்களிடமே ஒப்படைத்தார்கள்.

இன்னொன்றையும் நண்பனிடம் சொல்லுங்கள். 2017-இல் ஹாலிவுட் முறைப்படி உரிமை வாங்கி, ஸ்கார்லெட் ஜோஹான்சனை வைத்து, 'கோஸ்ட் இன் தி ஷெல்' என்ற பெயரிலேயே படம் எடுத்தது. தேங்கிய தண்ணீரில் நடக்கும் அந்தப் புகழ்பெற்ற சண்டையை அப்படியே திரும்ப எடுத்தார்கள். ஜப்பானியப் பாத்திரத்துக்கு வெள்ளைக்கார நடிகையா என்ற கோபம் ஒரு பக்கம். படத்தில் மூலத்தின் மௌனம் இல்லை என்பது என் வருத்தம். ஓஷியின் படத்தில் நடுவில் சில நிமிஷம் கதையே நகராது. மழை, கால்வாய், கடை ஜன்னலில் பொம்மைகள், தன் முகத்தோடு இன்னொருத்தி காபி குடிப்பதைப் பார்க்கும் நாயகி, அவ்வளவுதான். அதில்தான் படத்தின் உயிர் இருக்கிறது. உரிமைப் பத்திரத்தில் அதை எழுதி வாங்க முடியாது.

இல்லத்தரசி, நெல்லிக்குப்பம்: ஆறாவது படிக்கும் மகன் எந்நேரமும் இதுதான். பொம்மைப் படம்தானே என்று விட்டேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால் தலை உருளுகிறது. தடுப்பதா, விடுவதா?

பொம்மைப் படம் என்றால் குழந்தைகளுக்கு என்ற எண்ணத்தை முதலில் விட வேண்டும் அம்மா. ஜப்பானில் சிறுவர்களுக்கு, பெண்பிள்ளைகளுக்கு, வளர்ந்தவர்களுக்கு என்று தனித்தனி வாரப் பத்திரிகைகளே இருக்கின்றன, கதைகள் அங்கிருந்துதான் திரைக்கு வருகின்றன. நம் வீட்டுப் பிள்ளைகள் தமிழில் பார்த்துச் சிரித்த ஷின்சானே 1990-இல் பெரியவர்களுக்கான வாரப் பத்திரிகையில்தான் தொடங்கினான், தெரியுமா?

ஆகவே தொடரின் வயது வரம்பைப் பாருங்கள், அது ஆப்பிலேயே போட்டிருக்கும். இரண்டு பகுதியாவது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். 'என் பக்கத்து வீட்டு டோட்டோரோ'வில் ஆரம்பித்தால் உங்களுக்கும் பிடித்துப்போகும். மொத்தமாகத் தடுத்தால் பக்கத்து வீட்டுப் பையன் போனில் பார்ப்பான்.

ஓய்வு பெற்ற ஆசிரியர், கடலூர் முதுநகர்: 'கில் பில்' படத்தின் கார்ட்டூன் காட்சிக்கு நம் 'ஆளவந்தான்'தான் தூண்டுதல் என்கிறார்களே?

'கில் பில்' இயக்குநர் டாரன்டினோவே தன்னிடம் அப்படிச் சொன்னதாக இந்தி இயக்குநர் அனுராக் காஷ்யப் சொல்லியிருக்கிறார் ஐயா. 'ஆளவந்தான்' 2001-இல் வந்தது. சுரேஷ் கிருஷ்ணா இயக்கம், கமல்ஹாசனின் இரட்டை வேடம். அதில் மனநோயாளியான நந்து கொலை செய்கிற இடத்தில் படம் சட்டென்று கார்ட்டூனாக மாறும். அன்றைக்குத் தியேட்டரில் பலருக்கு இது என்ன கூத்து என்றுதான் இருந்தது. 'கில் பில்' முதல் பாகம் 2003. அதில் ஓ-ரென் இஷியின் சிறுவயதுக் கதை முழுக்க அனிமே. வரைந்து கொடுத்தது புரொடக்‌ஷன் ஐ.ஜி, மேலே சொன்ன 'கோஸ்ட் இன் தி ஷெல்' செய்த அதே நிறுவனம்.

ஏன் அந்த இடத்தில் மட்டும் ஓவியம் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு சிறுமி கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, மேலே தன் அம்மா வெட்டப்படுவதைக் காண்கிறாள், மெத்தை வழியாக ரத்தம் சொட்டுகிறது. நிஜக் குழந்தையை அங்கே படுக்க வைத்து எடுத்தால் நம்மால் பார்க்க முடியாது, எடுப்பவருக்கும் மனசு வராது. ஓவியத்தில் பார்க்க முடிகிறது, ஆனால் வலி குறைவதில்லை. 'ஆளவந்தா'னில் வேறு காரணம். நந்துவின் கண்ணுக்கு உலகமே அப்படித்தான் தெரிகிறது, மருந்தும் மனநோயும் கலந்த கண். இரண்டுமே கதைக்காகச் செய்தவை, அலங்காரத்துக்காகச் செய்யவில்லை. நம் ஊரில் ஒருவர் இதை முன்கூட்டியே துணிந்து செய்தார் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. அதற்கு உரிய மரியாதையை நாம் கொஞ்சம் தாமதமாகத்தான் கொடுத்தோம்.

கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை: எங்கள் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அத்தை குடும்பம் பாரீஸ் பக்கம் இருக்கிறது. லீவுக்கு வரும்போது அத்தை பையன் பெட்டியில் பாதி பிரெஞ்சு மாங்காதான், ஜப்பானியப் படக்கதைப் புத்தகங்கள். ஐம்பது தாண்டிய மாமாவும் 'கோல்டோராக்' பாட்டு பாடுகிறார். பிரான்சுக்கு எப்படி இந்தப் பித்து?

இந்தக் கேள்வி புதுச்சேரியிலிருந்துதான் வர முடியும். ரொம்ப சந்தோஷம்.

மாமா பாடுவதில் ஆச்சரியமே இல்லை. 1978-இல் 'கிரெண்டைசர்' என்ற ஜப்பானிய ரோபோ தொடரை 'கோல்டோராக்' என்று பெயர் மாற்றி பிரெஞ்சு டிவியில் போட்டார்கள், பிள்ளைகள் டிவி முன்னால் ஒட்டிக்கொண்டார்கள். அப்புறம் 1987 முதல் 1997 வரை 'கிளப் டொரோத்தே' என்ற நிகழ்ச்சி. டிராகன் பால், செயின்ட் செய்யா, சிட்டி ஹண்டர் என்று பத்து வருஷம் ஒரு தலைமுறையே அதில் வளர்ந்தது. பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. பிற்பாடு ஜனாதிபதித் தேர்தலில் நின்ற செகோலென் ருவாயல், பிள்ளைகள் பார்க்கும் டிவியைக் கண்டித்து 1989-இல் ஒரு புத்தகமே எழுதினார். அப்படியும் நிற்கவில்லை. இன்றைக்கு ஜப்பானுக்கு வெளியே மாங்கா அதிகம் விற்கும் நாடுகளில் பிரான்ஸ் முன்வரிசையில் இருக்கிறது. 2021-இல் அரசு, 18 வயதானவர்களுக்குக் கலை, புத்தகம், சினிமாவுக்கு என்று 300 யூரோ கொடுத்தது. பிள்ளைகள் நேராக மாங்கா அலமாரிக்குப் போனார்கள், பத்திரிகைகள் அந்தத் திட்டத்துக்கு 'மாங்கா பாஸ்' என்றே பெயர் வைத்துவிட்டன.

இதில் சினிமாவுக்கு வருகிறேன். அந்த 'கிளப் டொரோத்தே' பிள்ளைகளில் ஒருவர் பிலிப் லஷோ. வளர்ந்து நகைச்சுவை நடிகர், இயக்குநர் ஆனார். 'சிட்டி ஹண்டர்' கதையை, பிரான்சில் அதற்கு 'நிக்கி லார்சன்' என்று பெயர், தானே நாயகனாக நடித்து 2019-இல் படமாக எடுத்தார். எழுதிய கதையை மூல ஆசிரியர் சுகாசா ஹோஜோவிடம் கொண்டுபோய்க் காட்டிச் சம்மதம் வாங்கினார். பிரெஞ்சு பேசும் ஆட்களை வைத்து எடுத்த அந்தப் படத்தை ஜப்பானிலும் வெளியிட்டார்கள். நாயகனின் சட்டை மடிப்பு, கோபம் வந்தால் அந்தப் பெண் எங்கிருந்தோ எடுக்கும் பெரிய சுத்தியல், எல்லாம் இருக்கிறது. முகம் ஜப்பானிய முகம் கிடையாது, அது ஒரு குறையாகவே தெரியவில்லை. சின்ன வயசில் அந்தக் கதையை எத்தனை முறை பார்த்திருப்பார் என்பது காட்சிக்குக் காட்சி தெரிகிறது.

அத்தை பையன் அடுத்த முறை வரும்போது அந்தப் படத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். படித்து முடித்த மாங்காவை அவன் இங்கேயே விட்டுப்போனால் தோழிகளுக்கும் கொடுங்கள். பிரெஞ்சு பழக அதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது.

வங்கி ஊழியர், அரியாங்குப்பம்: நம் மாஹேயில் பிறந்த ஷியாமளன் எடுத்த 'தி லாஸ்ட் ஏர்பெண்டர்' ஏன் அப்படிச் சொதப்பியது?

மூலத் தொடர் அமெரிக்காவில் செய்ததுதான், 2005 முதல் 2008 வரை வந்தது, ஆனால் நடை, கண், சண்டை எல்லாமே அனிமேயைப் பார்த்துக் கற்றவை. ஷியாமளனின் மகள் அதன் ரசிகை, வீட்டிலேயே ரசிகர் கூட்டம் இருந்தது. ஆகவே ஆசை இல்லாமல் எடுத்தார் என்று சொல்ல முடியாது.

தவறு எங்கே என்றால், ஒரே ஒரு காட்சியைச் சொல்கிறேன். மண்ணை ஆளத் தெரிந்தவர்கள் சிறைப்பட்டிருக்கும் முகாமில் கலகம் வெடிக்கிறது. ஆறு பேர் வரிசையாக நின்று காலை உதைத்து, கையை வீசி, ஒரு நீளமான ஆட்டம் ஆடுகிறார்கள். முடிவில் ஒரு பாறாங்கல் மெதுவாகக் காற்றில் மிதந்து போகிறது. மூலத் தொடரில் காலை ஒரு மிதி மிதித்தால் அந்தக் கணமே தரை பிளந்து எழும். அசைவும் விளைவும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும், அதனால்தான் அந்தச் சக்தியை நாம் நம்புகிறோம். படத்தில் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிட்டது, நம்பிக்கையும் அதோடு போய்விட்டது.

மீதியை எல்லோரும் சொல்லிவிட்டார்கள். 20 பகுதிகளை இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்கியது, நல்லவர்களுக்கு வெள்ளை முகமும் வில்லன்களுக்கு நம் நிறமும் கொடுத்தது, சிரித்துக்கொண்டே இருந்த சிறுவனைச் சோகப் பிள்ளையாக்கியது. 'சிக்ஸ்த் சென்ஸ்' எடுத்த கை அது என்பதால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தையல்காரர் மகள், செம்மண்டலம்: 'டீமன் ஸ்லேயர்' தஞ்சிரோவின் பச்சை–கருப்புக் கட்டம் போட்ட மேல்சட்டையை நானும் அப்பாவும் தைத்தோம். போட்டுக்கொண்டு சில்வர் பீச்சில் போட்டோ எடுத்தேன். படத்தில் இருப்பது மாதிரி விழவே இல்லை. நிஜ சினிமாவில் எப்படிச் சமாளிக்கிறார்கள்?

போட்டோவைப் பார்த்தேன். தையலில் ஒரு குறையும் சொல்ல முடியாது, கட்டங்கள் தோளில் மூலைக்கு மூலை பொருந்தி நிற்கின்றன. அப்பாவுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள். சிக்கல் துணியில் இருக்கிறது. நீங்கள் எடுத்திருப்பது சாட்டின். கடற்கரை வெயிலில் பளபளத்து, பச்சை பாதி வெள்ளையாகத் தெரிகிறது. அப்புறம் ஒவ்வொரு கட்டத்தையும் தனியாக வெட்டி ஒட்டியிருக்கிறீர்கள். தையல் ஓரங்கள் சேர்ந்து உள்ளே விறைப்பாகிவிட்டன, அதனால் துணி தொங்காமல் அட்டை மாதிரி நிற்கிறது.

ஓவியத்தில் துணிக்கு எடையே கிடையாது. ஒரே நிறம், காற்று வேண்டும்போது அடிக்கும், வேண்டாதபோது நிற்கும். நிஜத்தில் நாம்தான் அதைச் சரிக்கட்ட வேண்டும். பளபளப்பில்லாத பருத்தித் துணி எடுங்கள், பச்சைத் துணியில் கருப்புக் கட்டத்தை அச்சடித்துவிடுங்கள், வெட்டி ஒட்ட வேண்டாம். கீழ் ஓரத்தில் மட்டும் உள்பக்கமாகக் கொஞ்சம் கனமான பட்டி கொடுத்தால் நடக்கும்போது அழகாக வீசும். ரெண்டு தடவை துவைத்துவிட்டுப் போட்டால் கடைப் புதுசு போய், மலையில் கரி மூட்டை சுமந்தவனின் சட்டை மாதிரி ஆகும். அவன் கரி விற்கும் வீட்டுப் பிள்ளைதானே.

சினிமாக்காரர்கள் இரண்டு வழியில் போகிறார்கள். ஒன்று, ஓவியத்தை அப்படியே கொண்டுவருவது. 2019-இல் வந்த 'அலிடா' படத்தில் நாயகியின் கண்களை மாங்காவில் இருப்பதுபோலக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினார்கள். முதலில் கூச்சமாக இருக்கும், பத்து நிமிஷத்தில் பழகிவிடும். இன்னொன்று, நிஜத்தை நோக்கி இறக்கிவருவது. கெய்ஷி ஓட்டோமோ இயக்கிய 'ருரோனி கென்ஷின்' (2012) அதற்கு நல்ல உதாரணம். வரைபடத்தில் நாயகனுக்குத் தீச்சிவப்பு முடி. படத்தில் டகேரு சாட்டோவுக்கு அது பழுப்புச் சிவப்பாக அடங்கியிருக்கும், உடையும் போட்டுத் தேய்ந்த உடை. பதிலுக்கு, மிகைக்கு வேறு இடம் கொடுத்தார்கள்: கால்களுக்கு. சண்டை அமைத்த கென்ஜி டனிகாகி ஹாங்காங்கில் தொழில் பழகியவர். நாயகன் தரையோடு தரையாகக் குனிந்து, வழுக்கி, சுவரில் ஏறித் திரும்புகிற வேகம் இருக்கிறதே, அதைப் பார்க்கும்போது முடியின் நிறம் என்ன என்று யாருக்கும் ஞாபகம் வராது. உலகம் முழுக்க வந்த தழுவல்களில் எனக்கு ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த வரிசையைத்தான் எடுப்பேன்.

ஐ.டி. ஊழியர், வில்லியனூர்: 'கவ்பாய் பீபாப்', 'ஒன் பீஸ்' இரண்டையும் நெட்ஃபிளிக்ஸ்தான் நிஜ நடிகர்களை வைத்து எடுத்தது. ஒன்று செத்தது, ஒன்று பிழைத்தது. காரணம் பணமா?

பணம் இரண்டிலும் கொட்டித்தான் எடுத்தார்கள். 'கவ்பாய் பீபாப்' 2021 நவம்பர் 19 அன்று வந்தது, மூன்று வாரத்தில் அடுத்த சீசன் கிடையாது என்று மூடிவிட்டார்கள். அசல் இசையமைப்பாளர் யோகோ கன்னோ இருந்தார், நாயகன் ஸ்பைக்காக ஜான் சோ உயிரைக் கொடுத்து நடித்தார். ஆனால் மூலத்தை இயக்கிய ஷினிசிரோ வாட்டனாபே, முதல் காட்சிக்கு மேல் தன்னால் பார்க்க முடியவில்லை என்று பிறகு ஒரு பேட்டியில் சொன்னார்.

மூலத்தில் 26 பகுதி, ஒவ்வொன்றும் அரை மணிக்குள். ஸ்பைக்கின் பழைய காதல், பழைய பகை இரண்டும் அங்கங்கே ஒரு ரோஜா, ஒரு மழை, ஒரு தேவாலயக் கண்ணாடி என்று மின்னி மறையும். நாம்தான் கூட்டிப் படிக்க வேண்டும். நிஜத் தொடரில் பகுதியின் நீளம் கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதை நிரப்ப அந்தப் பகைவன் விஷியஸையும் காதலி ஜூலியாவையும் உட்கார வைத்துப் பக்கம் பக்கமாகப் பேச வைத்தார்கள். சொல்லாமல் விட்டதெல்லாம் சொல்லப்பட்டது, அந்த ஏக்கம் காணாமல் போய்விட்டது.

'ஒன் பீஸ்' 2023 ஆகஸ்ட் 31 அன்று வந்தது. மூல ஆசிரியர் எய்ச்சிரோ ஓடா தயாரிப்பிலேயே உட்கார்ந்தார், தனக்குத் திருப்தி வராமல் வெளியிட மாட்டோம் என்று ரசிகர்களுக்கு எழுதிக் கொடுத்தார். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கப்பலை நிஜமாகவே கட்டினார்கள். ஆனால் நான் பெரிதாக நினைப்பது நடிகர் தேர்வு. மெக்சிகோ பையன் இன்யாக்கி கோடாய் சிரிக்கும்போது அது நாயகன் லூஃபியின் சிரிப்பு. 'கென்ஷின்' கடைசிப் படங்களில் ஒன்றில் வாள் சுழற்றிய மக்கென்யூ இங்கே லூஃபியின் வாள்வீரத் தோழன் ஜோரோ. ரப்பர் கை நீளும் காட்சியில் கிராஃபிக்ஸ் கொஞ்சம் தடுமாறுகிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் தோழி நாமி அழுதுகொண்டு உதவி கேட்க, லூஃபி தன் வைக்கோல் தொப்பியை எடுத்து அவள் தலையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நடக்கிறானே, அங்கே நீட்டவும் இல்லை, விளக்கவும் இல்லை. விட வேண்டிய இடத்தில் விட்டார்கள்.

அதற்காக, ஓடாவைப் போல மூல ஆசிரியர் உள்ளே வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். மூல ஆசிரியர் டொரியாமா சொன்ன யோசனைகளைக் காதில் வாங்காமல் எடுத்த 2009-இன் 'டிராகன்பால் எவல்யூஷன்' எவ்வளவு மோசம் என்றால், அதன் கதாசிரியர் பென் ராம்சி, தான் ரசிகனாக இல்லாமல் சம்பளத்துக்காக எழுதியதாகச் சொல்லி 2016-இல் ரசிகர்களிடம் மன்னிப்பே கேட்டார். ரசனை, அதிகாரம், நேரம் மூன்றும் ஒரே மேசையில் கூடுவது அபூர்வம்.

டிப்ளமோ மாணவர், நெய்வேலி: அனிமே காட்சிகளை அனிருத் பாட்டுக்கு வெட்டி எடிட் போடுகிறேன். அப்பா, "இதில் என்ன பிரயோஜனம்" என்கிறார்.

அப்பாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். 1982-இலேயே ஒரு அமெரிக்க ரசிகர் இரண்டு விசிஆரை இணைத்து, ஜப்பானிய விண்வெளிச் சண்டைக் காட்சிகளை பீட்டில்ஸ் பாட்டோடு ஒட்டினார். இன்று நீங்கள் போனில் செய்வது அதன் தொடர்ச்சி. குத்து விழும் இடத்தில் ஒன்றிரண்டு ஃபிரேம் மட்டும் கருப்பு வெள்ளையாகப் புரட்டிப் போடுவீர்களே, கண்ணுக்குப் பிடிபடாது, உடம்புக்குப் பிடிபடும். தாளத்துக்கு எங்கே வெட்டுவது, எங்கே வெட்டாமல் பொறுப்பது என்று விரல் பழகிவிட்டால் அதற்குப் பெயர் படத்தொகுப்பு. 'கிரீட் 3' (2023) படத்தை இயக்கி நடித்த மைக்கேல் பி. ஜோர்டன், குத்துச்சண்டைகளை அனிமே பார்த்த அனுபவத்தில் அமைத்ததாகத் தானே சொல்லியிருக்கிறார். கடைசிச் சண்டையில் அரங்கமும் கூட்டமும் மறைந்து இரண்டே பேர் இருட்டில் நிற்பார்கள். நம் மாஸ் படங்களில் நாயகன் நடந்துவர, சுற்றி எல்லாம் மெதுவாவதும் இதற்குத் தூரத்துச் சொந்தம்தான். அது அனிமேயிலிருந்து வந்தது என்று நான் சொல்ல மாட்டேன், நம் கூத்து மேடையிலேயே அந்த நிறுத்தம் உண்டு. அதனால்தான் உங்கள் எடிட்டில் நம் ஊர்ப் பாட்டு அவ்வளவு கச்சிதமாக உட்காருகிறது. ஒரு யோசனை: அடுத்தவர் வரைந்ததை வெட்டியது போதும், நீங்களே நாலு ஷாட் எடுத்து வெட்டிப் பாருங்கள்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி, பாகூர்: தமிழ் டப்பிங்கில் பார்த்தால் உண்மையான ரசிகை இல்லையாமே?

யார் சொன்னது? 2019-இல் 'வெதரிங் வித் யூ' படம் இந்தியத் தியேட்டருக்கு வந்ததே 50,000-க்கும் மேற்பட்ட ரசிகர்கள் கையெழுத்துப் போட்டுக் கேட்டதால்தான். 2025 செப்டம்பரில் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காஸில்' தமிழிலேயே திரையில் வந்தது. தமிழில் பாருங்கள், ஜப்பானிய மொழியிலும் ஒருமுறை கேளுங்கள். திருட்டுப் பிரதியில் மட்டும் வேண்டாம், வரைகிறவர்களுக்கு ஏற்கெனவே கூலி குறைவு.

நண்பர்கள் குழு, தேவனாம்பட்டினம்: அனிமே பாணியில் ஒரு குறும்படம் எடுக்கப் போகிறோம். கிராஃபிக்ஸுக்குக் காசில்லை. என்ன பார்க்கலாம், எங்கே தொடங்கலாம்?

காசில்லாததே நல்லது, தெசூகாவுக்கும் இருக்கவில்லை. 'ஷின் காட்ஸில்லா' (2016) பாருங்கள். 'எவாஞ்சலியன்' அனிமே தொடரைப் படைத்த ஹிடேகி அன்னோ, ஷின்ஜி ஹிகுச்சியோடு சேர்ந்து நிஜ நடிகர்களை வைத்து எடுத்தது, எவாஞ்சலியன் இசையையே அதில் பயன்படுத்தியிருப்பார்கள். படத்தில் பாதி அதிகாரிகள் கூட்டம் போடுவதுதான். ஆனால் ஒரு நிமிஷம் அலுக்காது. நாற்காலிக்கு அடியிலிருந்து ஒரு கோணம், மேசை முழுவதும் கோப்பு, தலைக்கு மேல் விளக்கு, முகங்கள் ஓரத்தில் நறுக்கென்று வெட்டுப்பட்டு. அந்த ராட்சசனைக் கூட முதலில் முழுசாகக் காட்ட மாட்டார்கள். ஒரு சாதாரணத் தெரு, குறுக்கே மின்கம்பிகள், அவற்றுக்குப் பின்னால் ஏதோ நகர்கிறது.

உங்களுக்கு முதுநகர் துறைமுகம் இருக்கிறது, உப்பனாற்றில் கட்டிய படகுகள், கெடிலம் பாலம், திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனில் ரயில் போன பிறகு வெறிச்சோடும் பிளாட்பாரம், புயல் எச்சரிக்கைக் கூண்டு. கேமராவை ஸ்டாண்டில் வையுங்கள், அசைக்காதீர்கள். ஒவ்வொரு ஷாட்டையும் முதலில் தாளில் வரையுங்கள், கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, ஜோர்டன் பீல் 'நோப்' (2022) படத்தில் 'அகிரா' அனிமே படத்தின் பைக் சறுக்கலை நிஜமாக எடுத்ததும் முப்பது வருஷத்துக்கு முன்னால் யாரோ வரைந்துவைத்த ஒரு படத்திலிருந்துதான். சண்டை வேண்டும் என்றால் ஒரே ஒரு அடி போதும். அடிக்கு முன்னால் ஐந்து விநாடி ஒன்றும் நடக்காமல் இருக்கட்டும், கடல் சத்தம் மட்டும். ராத்திரி எடுக்காதீர்கள், போன் கேமரா தாங்காது. காலை ஆறரைக்குள் எடுத்தால் கடற்கரையில் கூட்டமும் இருக்காது.

எட்டு நிமிஷத்தைத் தாண்ட வேண்டாம். முடித்ததும் அந்தத் தாள்களையும் சேர்த்து எங்களுக்கு அனுப்புங்கள், படத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.